விருப்பாச்சிக் காட்டில் கூடிய அவை: ஒரு பெரும்போரின் முதல் ஆண்டுகள், 1799–1801



விருப்பாச்சி என்ற பெயரைச் சொன்னால் தமிழ்நாட்டில் பெரும்பாலோருக்கு நினைவுக்கு வருவது வாழைப்பழம்தான். பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் பெயர் வாங்கிக்கொடுத்த மலைவாழை அது. அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. ஒட்டன்சத்திரத்திலிருந்து பழனிக்குப் போகிறவர்கள் விருப்பாச்சியைச் சில நிமிடங்களில் கடந்துவிடுகிறார்கள். அந்த ஊரை ஒட்டிய காட்டில் 1800 ஏப்ரலில் ஓர் அவை கூடியது. தென்னிந்தியாவில் பல முனைகளில் ஒரே சமயத்தில் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையைத் தாக்குவது என்று அங்கே முடிவெடுத்தார்கள். இன்றைய அறக்கட்டளைச் சொற்பொழிவு அந்த அவையையும் அதற்கு முன்னும் பின்னுமான சில ஆண்டுகளையும் பற்றியது.

நான் சொல்ல வந்ததைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். 1799 முதல் 1801 வரை பாஞ்சாலங்குறிச்சியிலும் சிவகங்கையிலும் இராமநாதபுரத்திலும் கொங்குநாட்டிலும் மலபாரிலும் மைசூரின் வடக்கிலும் நடந்தவை தனித்தனிக் கலகங்கள் அல்ல. அது ஒரே போர். அந்தப் போரின் முனைகளை இணைத்த இடம் பழனிமலையின் வடக்கு அடிவாரம். நாம் அதைத் துண்டு துண்டாக்கி வைத்திருக்கிறோம். கட்டபொம்மனைத் தூத்துக்குடி மாவட்டத்துக்கும், மருது சகோதரர்களைச் சிவகங்கைக்கும், தீரன் சின்னமலையை ஈரோட்டுக்கும், விருப்பாச்சிப் பாளையக்காரர் கோபால் நாயக்கரைத் திண்டுக்கல்லுக்கும், பழசி ராஜாவைக் கேரளத்துக்கும் பங்கு பிரித்துக் கொடுத்துவிட்டோம். அதற்கும் மேலே ஒவ்வொரு சாதிச் சங்கமும் ஒருவரைத் தோளில் தூக்கிக்கொண்டது. ஆளுக்கொரு நினைவுநாள், ஆளுக்கொரு மணிமண்டபம். மரியாதை செய்வதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் இவர்கள் தங்கள் எல்லைகளைத் தாண்டிக் கைகோத்தவர்கள். அந்தச் செயல்தான் அவர்களின் பெருமை. பங்கு பிரித்ததில் தொலைந்துபோனதும் அதுதான்.

ஏன் பழனிமலை? வரைபடத்தை எடுத்து வைத்துக்கொண்டால் பாதி விடை கிடைத்துவிடும். கிழக்கு மேற்காக ஏறக்குறைய 65 கிலோமீட்டரும், தெற்கு வடக்காக 40 கிலோமீட்டரும் உள்ள மலைத்தொடர் இது. நாம் கூடியிருக்கும் கொடைக்கானல் 2,100 மீட்டர் உயரத்தில், மேல்மலையில் இருக்கிறது. போருக்கு முக்கியமானது கீழ்மலை. தாண்டிக்குடி, பாச்சலூர், பெரியூர், ஆடலூர், பன்றிமலை முதலான ஊர்கள் இருக்கும் பகுதி அது. அந்தக் கீழ்மலை வடக்கே சரிந்து சமவெளியைத் தொடும் இடத்தில் விருப்பாச்சி இருக்கிறது.

விருப்பாச்சியில் நின்று நான்கு திசையும் பாருங்கள். வடக்கே போனால் தாராபுரம், காங்கேயம், கோயம்புத்தூர். மேற்கே பழனி, உடுமலைப்பேட்டை, பொள்ளாச்சி, அப்புறம் பாலக்காட்டுக் கணவாய். அதைத் தாண்டினால் மலபார். கிழக்கே திண்டுக்கல், நத்தம், பிரான்மலை, அதற்கும் கிழக்கே சிவகங்கைச் சீமை. தெற்கே மலையேறிக் கீழ்மலை ஊர்கள் வழியாக அந்தப் பக்கம் இறங்கினால் வத்தலக்குண்டு, பெரியகுளம், கம்பம் பள்ளத்தாக்கு. அங்கிருந்து மதுரைக்கும் திருநெல்வேலிச் சீமைக்கும் வழி உண்டு. பெரிய சாலைகளில் கம்பெனியின் காவல் இருந்தது. மலைத்தடங்களில் பொதிமாடும் தேனெடுப்பவர்களும் நடந்தார்கள். அந்தத் தடங்கள் பளியருக்கும் புலையருக்கும் குன்னுவருக்கும் காராளருக்கும் தெரிந்தவை. சீருடைச் சிப்பாய்க்கு அவை தெரியாது. மலையடிவாரக் காய்ச்சல் வேறு அந்நியப் படையை ஏறவிடாமல் காத்தது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மூன்றாம் மைசூர்ப் போரின் முடிவில், 1792இல், ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தான் கையெழுத்திட்ட உடன்படிக்கையின்படி திண்டுக்கல் சீமை கம்பெனிக்குப் போனது. அந்த உடன்படிக்கையோடு சேர்ந்த நில அட்டவணையில் திண்டுக்கல்லுக்குப் பக்கத்திலேயே பழனி–விருப்பாச்சியும் எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் வடக்கே தாராபுரமும் கோயம்புத்தூரும் திப்புவிடமே இருந்தன. ஆக, 1792 முதல் 1799 வரை கம்பெனிக்கும் மைசூருக்கும் இடையிலான எல்லை விருப்பாச்சிக்குச் சற்று வடக்கே ஓடியது. எல்லையோரத்துப் பாளையக்காரனுக்கு அது ஒரு பாதுகாப்பு. இந்தப் பக்கம் நெருக்கினால் அந்தப் பக்கம் நகர்ந்துகொள்ளலாம். 1799 மே 4ஆம் தேதி ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது. திப்பு களத்தில் மடிந்தார். கோயம்புத்தூர்ச் சீமையையும் கம்பெனி எடுத்துக்கொண்டது. அந்த எல்லை மறைந்தது. மலையின் இரு புறமும் ஒரே எசமானன். அதுவரை எட்டத்தில் இருந்த கொங்குநாட்டுத் தலைவர்களுக்கும் திண்டுக்கல் பாளையக்காரர்களுக்கும் ஒரே நாளில் ஒரே எதிரி வாய்த்தான். திப்புவின் வீழ்ச்சியோடு தெற்கில் எதிர்ப்பு அடங்கிவிட்டது என்று பாடப்புத்தகத்தைப் படித்தவர்கள் நினைப்பதுண்டு. நான் அதற்கு நேர்மாறாகப் பார்க்கிறேன். சிதறிக் கிடந்தவர்கள் ஒன்றுசேர்ந்தாக வேண்டிய கட்டாயத்தை உண்டாக்கியதே அந்த வீழ்ச்சிதான்.

விருப்பாச்சிக்கு இந்தப் பொறுப்பு திடீரென்று வந்துவிடவில்லை. 1772 ஜூன் 25 அன்று காளையார்கோயிலில் சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதர் கொல்லப்பட்டார். அரசி வேலு நாச்சியார் மகளோடும், பிரதானி தாண்டவராய பிள்ளையோடும், மருது சகோதரர்களோடும் மேற்கு நோக்கித் தப்பி வந்து சேர்ந்த இடம் விருப்பாச்சி. அந்த ஆண்டு டிசம்பர் 8ஆம் தேதி தாண்டவராய பிள்ளை ஐதர் அலிக்கு ஒரு கடிதம் எழுதினார். அரசிக்காக 5,000 குதிரைப்படையும் 5,000 காலாட்படையும் கேட்ட கடிதம் அது. நாட்டை இழந்து அடைக்கலம் புகுந்திருந்த நிலையிலும், பேரரசனிடம் தொகை குறித்துப் படை கேட்டிருக்கிறார் அந்த முதிய பிரதானி. கேட்டவுடன் கிடைக்கவில்லை. எட்டு ஆண்டுகள் விருப்பாச்சியும் திண்டுக்கல்லும் அவர்களுக்கு நிழல் கொடுத்தன. 1780இல் வேலு நாச்சியார் சிவகங்கையை மீட்டார். ஒரு சிறிய பாளையம், தனக்கு ஒரு குழி நிலமும் வராத காரியத்துக்காக, ஆற்காட்டு நவாபின் பகையையும் கம்பெனியின் பகையையும் எட்டு ஆண்டு சுமந்தது. சிவகங்கைக்கும் விருப்பாச்சிக்கும் இடையே பிறந்த நம்பிக்கை அந்த ஆண்டுகளுடையது. இருபது ஆண்டு கழித்து மருது சகோதரர்களும் கோபால் நாயக்கரும் ஓலை எழுதிக்கொள்ள நடுவில் ஒரு தூதரின் அறிமுகம் தேவைப்படவில்லை.

அப்படியானால் கோபம் எதனால் மூண்டது? திண்டுக்கல் சீமை கைக்கு வந்ததும் கம்பெனி அதிகாரிகள் நிலத்தை அளந்தார்கள்; பேஷ்குஷ் என்ற கப்பத்தை உயர்த்தினார்கள். போர் நடந்த ஆண்டுகளில் அங்கே கலெக்டராக இருந்தவர் தாமஸ் போயர் ஹர்டிஸ். பாளையக்காரருக்கு ஊர்க்காவல் உரிமையும் அதற்கான காவல் வரும்படியும் உண்டு. களவு போனால் அவர்தான் பொறுப்பு. அதற்காக விளைச்சலில் ஒரு பங்கு. காவல்காரர்களும் அவர்கள் குடும்பங்களும் அதை நம்பியிருந்தார்கள். அந்த உரிமையில் கை வைத்தபோது பாளையக்காரரோடு சேர்ந்து அவருடைய ஆயிரக்கணக்கான ஆட்களின் அடுப்பும் அணைந்தது. இந்தப் போரில் சாதாரணக் குடியானவன் ஏன் ஈட்டியைத் தூக்கினான் என்று கேட்பவர்கள் இந்த வரும்படிக் கணக்கிலிருந்து தொடங்குவது நல்லது.

இனி 1799. திப்புவோடு நடந்த கடைசிப் போருக்காகக் கம்பெனிப் படை மைசூருக்குப் போயிருந்த வேளையில், ஏப்ரல் கடைசியில், இராமநாதபுரம் சீமையின் முதுகுளத்தூரில் சித்திரங்குடி மயிலப்பன் தலைமையில் கிளர்ச்சி எழுந்தது. அதை அடக்கினார்கள். செப்டம்பர் 5 அன்று மேஜர் பானர்மேன் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைத் தாக்கினார். அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். இவற்றை நீங்கள் அறிவீர்கள், விரித்துச் சொல்லப்போவதில்லை. ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். கயத்தாற்றில் மற்றப் பாளையக்காரர்களை வரவழைத்து, அவர்கள் கண்ணெதிரே தூக்குப் போட்டார் பானர்மேன். அச்சம் பரவ வேண்டும் என்பது நோக்கம். பரவியது. ஆனால் தனியாக நின்றால் தனியாகத் தொங்க வேண்டும் என்ற பாடத்தையும் சிலர் அங்கிருந்து எடுத்துக்கொண்டார்கள்.

1800இன் தொடக்கத்தில் நான்கு வட்டங்களில் தலைவர்கள் தயாராகிக்கொண்டிருந்தார்கள். சிவகங்கை–இராமநாதபுரத்தில் மருது சகோதரர்கள். திண்டுக்கல்லில் கோபால் நாயக்கர். மலபாரில் கேரளவர்மா பழசி ராஜா. மைசூரில் பாலம் என்ற சீமையின் கிருஷ்ணப்ப நாயக்கரும், வடக்கே தூந்தாஜி வாக்கும். தூந்தாஜி ஸ்ரீரங்கப்பட்டணத்துச் சிறையில் கிடந்தவர். கோட்டை விழுந்த குழப்பத்தில் வெளியே வந்து, திப்புவின் படையிலிருந்து சிதறிய குதிரை வீரர்களைத் திரட்டினார். இரு உலகங்களுக்கும் அரசன் என்று தனக்குப் பட்டமும் சூட்டிக்கொண்டார். இந்த வட்டங்களுக்கிடையே தூதும் கடிதமும் போய்வந்ததை ஆவணங்களைக் கொண்டு எடுத்துக்காட்டியவர் பேராசிரியர் கே. ராஜய்யன். அவருடைய நூல் 1971இல் வந்தது. 1857க்கு அரை நூற்றாண்டு முன்பே தெற்கில் நடந்ததை முதல் விடுதலைப் போர் என்று அவர் அழைத்தார். அந்தப் பெயர் பற்றி வாதம் உண்டு. ஆனால் முனைகளுக்கிடையே தொடர்பு இருந்தது என்ற அவருடைய அடிப்படை முடிவை ஒதுக்கிவிட்டு இனி இந்தக் காலத்தை எழுத முடியாது.

விருப்பாச்சி அவை ஏப்ரலில் கூடியது. யார் யார் வந்தார்கள் என்று எண்ணிப் பாருங்கள். தெலுங்கு பேசும் நாயக்கர் ஒருவர் அழைக்கிறார். கொங்குக் கவுண்டர்கள் வருகிறார்கள். திப்புவின் ஆட்சியில் ஊழியம் பார்த்து, இப்போது வேலையும் மதிப்பும் இழந்த முஸ்லிம் வீரர்கள் வருகிறார்கள். முகமது ஹாஷம் அவர்களுள் ஒருவர். பத்து ஆண்டுக்கு முன் இவர்களில் பலர் எதிரெதிர் அணிகளில் இருந்தவர்கள். மைசூர்ப் படை இந்தச் சீமையில் வரி தண்டிய நினைவு பாளையக்காரர்களுக்கு இனிப்பாக இருந்திருக்க முடியாது. அதையெல்லாம் ஒதுக்கிவிட்டு ஒரு காட்டில் உட்கார்ந்து, ஒரு கோட்டையையும் ஒரு தேதியையும் முடிவு செய்தார்கள். கோட்டை கோயம்புத்தூர். தேதி 1800 ஜூன் 3.

அந்தத் தேதியை அவர்கள் சும்மா பொறுக்கவில்லை. அன்று மொகரம் பத்தாம் நாள். பஞ்சா எடுத்து, கொட்டு முழங்கி, வேடம் கட்டி ஆடும் நாள். அந்தக் காலத்தில் இந்துக்களும் முஸ்லிம்களும் கலந்து கொண்டாடிய திருவிழா அது. வெளியூர்க் கூட்டம் ஊருக்குள் வந்தால் யாரும் ஏனென்று கேட்க மாட்டார்கள். கையில் கம்பும் வாளும் வைத்திருந்தாலும் அன்று அது புதுமையில்லை. கோட்டைக்குள் இருந்த சிப்பாய்களிலும் கொண்டாடுகிறவர்கள் உண்டு. இந்தக் கணக்கையெல்லாம் போட்டுத்தான் நாள் குறித்திருப்பார்கள். கோயம்புத்தூர் விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? பாலக்காட்டுக் கணவாயின் வாசல் அது. மைசூர், மலபார், திருச்சிராப்பள்ளி மூன்றுக்கும் இடையே கம்பெனி படை நகர்த்தும் வழி அறுந்திருக்கும். பழசி ராஜாவும் விருப்பாச்சியும் நேராகக் கைகோத்திருக்க முடியும். அந்த இலக்கைத் தேர்ந்தெடுத்தவர்களுக்குத் தென்னிந்தியாவின் வரைபடம் மனத்தில் இருந்திருக்கிறது.

திட்டம் முன்னதாகவே கசிந்துவிட்டது. மைசூர்ப் பக்கத்திலிருந்து எதிர்பார்த்த குதிரைப்படை வந்து சேரவில்லை. கோயம்புத்தூரைச் சுற்றி வந்து நின்ற கூட்டங்களைக் கம்பெனிப் படை ஒவ்வொன்றாக மடக்கியது. பிடிபட்டவர்களில் நாற்பதுக்கும் மேற்பட்டோரை ராணுவ நீதிமன்றம் விசாரித்துத் தூக்கிலிட்டது. கோயம்புத்தூரிலும் தாராபுரத்திலும் சத்தியமங்கலத்திலும் தூக்குமரங்கள் நின்றன. அவர்களில் பெரும்பாலோரின் பெயரை ஒரு கல்லிலும் பொறித்து வைக்கவில்லை நாம். இந்த வரலாற்றில் என்னை மிகவும் வருத்துவது இது. தலைவர்களுக்குச் சிலை எழுப்புகிறோம். ஒரு தேதியை நம்பி, ஊரிலிருந்து பல காதம் நடந்து வந்து, அந்தத் தேதிக்காகவே உயிர்விட்டவர்களை மறந்துவிட்டோம்.

குதிரைப்படை ஏன் வரவில்லை என்பதற்கு வடக்கே விடை இருக்கிறது. தூந்தாஜியை ஒழிக்கும் பொறுப்பைத் தலைமை ஆளுநர் ரிச்சர்டு வெல்லெஸ்லியின் தம்பி ஆர்தர் வெல்லெஸ்லி ஏற்றிருந்தார். பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் வாட்டர்லூவில் நெப்போலியனைத் தோற்கடித்தவர் இவரே. நெப்போலியன் 1798இல் எகிப்தில் இறங்கியதிலிருந்து, பிரெஞ்சுப் படை எப்போது வேண்டுமானாலும் இந்தியக் கரைக்கு வரலாம் என்ற அச்சம் கல்கத்தாவை ஆட்டிக்கொண்டிருந்தது. தெற்கில் ஒரு பொறி விழுந்தாலும் உடனே அணைத்துவிட வேண்டும் என்ற அவசரத்துக்கு அந்த அச்சமும் காரணம். 1800 செப்டம்பர் 10 அன்று கோனகல் என்ற இடத்தில் தூந்தாஜி கொல்லப்பட்டார். வடக்கு முனை அன்றோடு முடிந்தது. மைசூரில் கட்டிப்போடப்பட்டிருந்த படைகளுக்குக் கை ஒழிந்தது. பல முனைப் போரில் நடுவில் இருப்பவனுக்கு உள்ள வசதி இது: ஒரு முனையை முடித்துவிட்டு அதே படையை அடுத்த முனைக்குத் திருப்பலாம். சுற்றி நிற்பவர்கள் ஒரே நாளில் எழுந்தால்தான் அதை முறியடிக்க முடியும். விருப்பாச்சி அவை தேதி குறிப்பதில் அத்தனை குறியாக இருந்ததற்குக் காரணம் அதுதான். தேதி தவறியதும் போரின் போக்கே மாறிவிட்டது.

மாறினாலும் முடியவில்லை. 1801 பிப்ரவரி 2ஆம் தேதி கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரையும் தோழர்களும் பாளையங்கோட்டைச் சிறையை உடைத்து வெளியேறினார்கள். இடித்துத் தரைமட்டமாக்கிய பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை சில நாட்களிலேயே மீண்டும் எழுந்தது. திருநெல்வேலிச் சீமை முழுதும் பற்றிக்கொண்டது. அதே மாதங்களில் திண்டுக்கல் முனையிலும் சண்டை உச்சத்துக்குப் போனது. லெப்டினன்ட் கர்னல் இன்னஸ் தலைமையில் ஒரு படை விருப்பாச்சியின் மேல் வந்தது. கோட்டை விழுந்ததும் கோபால் நாயக்கரின் ஆட்கள் மலையடிக் காடுகளுக்குள் பின்வாங்கிச் சண்டையைத் தொடர்ந்தார்கள். அவருடைய தலைக்கு விலை வைக்கப்பட்டது. கடைசியில் பிடிபட்டார். திண்டுக்கல்லில் ஒரு குளக்கரையில் அவரைத் தூக்கிலிட்டதாகவும், அந்தக் குளம்தான் கோபாலசமுத்திரம் என்றும் மக்கள் சொல்கிறார்கள். 1801 செப்டம்பர் 5 அவருடைய நினைவுநாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. பாஞ்சாலங்குறிச்சி தாக்கப்பட்டு இரண்டே ஆண்டுகள் நிறைந்த நாள் அது.

திண்டுக்கல் முனையை முடித்த அதே இன்னஸ்தான் பிறகு கிழக்கே நத்தம் வழியாக மருது சகோதரர்களுக்கு எதிரான படையெடுப்பில் சேர்ந்தார். நான் இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நாம் அந்த இரண்டு சண்டைகளையும் வெவ்வேறு மாவட்ட வரலாற்றில் படிக்கிறோம். இன்னஸுக்கு அவை ஒரே ஆண்டின் ஒரே வேலை. கம்பெனியின் கடிதக்கட்டுகளில் ஒன்றாக இருக்கும் போரை நாம் பிரித்துப் படிப்பதில் பொருளில்லை.

ஊமைத்துரை மே 24 அன்று கோட்டையை இழந்து மருது சகோதரர்களின் சிறுவயலுக்கு வந்து சேர்ந்தார். ஜூன் 16ஆம் தேதி திருச்சிராப்பள்ளியில் ஓர் அறிக்கை ஒட்டப்பட்டது. நவாபின் அரண்மனை இருந்த கோட்டைச் சுவரில் ஒன்று, ஸ்ரீரங்கம் கோயில் மதிலில் ஒன்று. சின்ன மருது பெயரில் வெளியான அந்த அறிக்கை ஜம்புத்தீவில் வாழும் எல்லாச் சாதியாரையும் முஸ்லிம்களையும் விளித்துப் பேசுகிறது. கம்பெனிப் படையில் இருக்கும் சிப்பாய், நாயக், ஹவில்தார், ஜமேதார் ஆகியோரையும் தனியே அழைக்கிறது. நவாபும் பாளையக்காரர்களும் தங்களுக்குள் பகைத்துக்கொண்டு அந்நியனுக்கு இடம் கொடுத்ததைச் சுட்டிக்காட்டுகிறது. படிப்பவர் கையால் படியெடுத்து அடுத்தவருக்கு அனுப்ப வேண்டும் என்கிறது. அச்சுக்கூடமில்லாத ஒரு படை, ஊரெல்லாம் செய்தி பரப்பக் கண்ட வழி அது. ஒட்டுவதற்குத் தேர்ந்தெடுத்த இடங்களைப் பாருங்கள். எதிரியின் அதிகாரம் குடியிருக்கும் சுவர் ஒன்று. லட்சக்கணக்கானோர் வந்துபோகும் மதில் ஒன்று.

பாளையக்காரர்கள் தங்கள் வரும்படிக்காகச் சண்டை போட்டார்கள், அதை விடுதலைப் போர் என்பது மிகை என்று சொல்வோர் உண்டு. அந்த வாதத்தை நான் தள்ளிவிடப் போவதில்லை. பாளையக்காரர்கள் குடியானவரை வருத்தி வரி வாங்கியதும் உண்டு. தங்களுக்குள் வெட்டிக்கொண்டதும் உண்டு. எட்டயபுரமும் புதுக்கோட்டையும் கம்பெனியோடு நின்றன. ஆனால் வரும்படி மட்டுமே குறிக்கோளாக இருந்தவர்களுக்கு வேறொரு வழி திறந்தே இருந்தது. கேட்ட பேஷ்குஷைக் கட்டிவிட்டு ஜமீன்தாராக இருந்துவிடலாம். 1802க்குப் பின் பலர் அப்படித்தான் பிழைத்தார்கள். கோபால் நாயக்கருக்கும் அந்த வழி அடைபட்டிருக்கவில்லை. அவர் கோயம்புத்தூருக்கும் சிவகங்கைக்கும் மலபாருக்கும் ஆள் அனுப்பிக்கொண்டிருந்தார். சொந்த உரிமையிலிருந்து தொடங்கிய சண்டை, திருச்சிராப்பள்ளிச் சுவருக்கு வந்து சேர்வதற்குள் வேறொன்றாக வளர்ந்துவிட்டது. அந்த வளர்ச்சிக்கு இரண்டே ஆண்டுகள்தான் பிடித்தன.

முடிவை விரைந்து சொல்லிவிடுகிறேன். ஆகஸ்டு முழுதும் காளையார்கோயில் காட்டை வெட்டி வழி போட முயன்று கர்னல் அக்னியூவின் படை தோற்றுப் பின்வாங்கியது. வேறு வழியாக வந்து அக்டோபர் 1 அன்று பிடித்தார்கள். அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டார்கள். நவம்பர் 16 அன்று பாஞ்சாலங்குறிச்சியில் ஊமைத்துரை. எழுபதுக்கும் மேற்பட்டோர் 1802 பிப்ரவரியில் கப்பலேற்றிப் பினாங்குக்கு நாடு கடத்தப்பட்டார்கள். அவர்களில் சின்ன மருதுவின் மகன் துரைசாமியும் ஒருவர். அப்போது பதின்பருவத்துச் சிறுவன். 1801 டிசம்பர் 1 அன்று சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் ஓர் ஆணை பிறப்பித்தார்: பாளையங்களில் எவரும் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது. கோட்டைகள் இடிக்கப்பட்டன. வேலும் வளரியும் ஊர் ஊராகப் பறிக்கப்பட்டன.

அதன் பிறகும் பழனிமலை ஓயவில்லை. தீரன் சின்னமலை ஓடாநிலைக் கோட்டையை விட்டு நீங்கிய பின் இந்த மலைத்தொடரைச் சேர்ந்த கருமலையில்தான் மறைந்திருந்தார் என்றும், சமையல்காரன் காட்டிக்கொடுத்துப் பிடிபட்டார் என்றும் கொங்குநாட்டில் சொல்கிறார்கள். 1805 ஜூலை 31 அன்று சங்ககிரியில் அவரைத் தூக்கிலிட்டார்கள். அதே ஆண்டு நவம்பர் 30 அன்று வயநாட்டுக் காட்டில் பழசி ராஜாவும் மாண்டார். விருப்பாச்சியில் திட்டமிட்ட போரின் கடைசி முனை அன்றுதான் அடங்கியது.

கொடைக்கானலில் நின்று நான் இதையெல்லாம் பேசுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. இந்த ஊரைப் பற்றிய எந்த நூலை எடுத்தாலும் 1821இல் லெப்டினன்ட் வார்டு மலையேறி அளந்தார், 1845இல் அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்தவர்கள் முதல் வீடுகளைக் கட்டினார்கள், 1863இல் லெவிஞ்ச் ஏரி அமைத்தார் என்று வரலாறு தொடங்குகிறது. ஆளில்லாத மலைக்கு வந்து ஊர் உண்டாக்கியது போன்ற தோற்றம் படிப்பவருக்கு உண்டாகிறது. பூம்பாறையும் வில்பட்டியும் மன்னவனூரும் அதற்கு முன்பே ஊர்கள். கீழ்மலை ஊர்கள் பல பாளையங்களோடு கட்டுண்டவை. வார்டு ராணுவத்து நில அளவையாளர். கோபால் நாயக்கர் வீழ்ந்த இருபதாம் ஆண்டில் அவர் இந்த மலையின் ஊர்களையும் தடங்களையும் அளந்து தாளில் ஏற்றினார். அதுவரை அந்நியப் படைக்கு எட்டாத தடங்கள் அன்று அரசாங்கத்தின் ஏட்டில் ஏறின. மலைவாசத்தலம் அதற்குப் பிந்தி வந்தது. கொடைக்கானலின் வரலாற்றை விருப்பாச்சிப் போரிலிருந்து எழுதத் தொடங்கினால்தான் வார்டு ஏன் வந்தார் என்பதும் விளங்கும்.

மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். சென்னை எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது. 1799 முதல் 1801 வரையிலான கம்பெனியின் ராணுவக் கடிதங்களும் வருவாய்க் கடிதங்களும் அங்கே இருக்கின்றன. ஹர்டிஸ் எழுதியவற்றை முழுதும் படித்துத் தமிழில் தர யாராவது முன்வர வேண்டும். 1800 ஜூனில் தூக்கிலிடப்பட்டவர்களின் பெயரும் ஊரும் எத்தனை பேருக்குக் கிடைக்கிறதோ அத்தனையையும் தொகுக்க வேண்டும். இன்னொரு பாதி வேலை இங்கேயே கிடக்கிறது. விருப்பாச்சியிலிருந்து பாச்சலூருக்கும் தாண்டிக்குடிக்கும் ஏறிய பழைய தடங்களின் பெயர்கள், அவற்றில் உள்ள சுனைகள், பாறைகள், கோயில்கள், அவற்றைப் பற்றிய கதைகள் எல்லாம் அறுபது எழுபது வயதுக்கு மேற்பட்டவர்கள் வாயில்தான் இப்போது இருக்கின்றன. கைப்பேசியில் பதிவு செய்தால் போதும். ஊர், பெயர், தேதி குறித்து வையுங்கள். அந்தத் தடங்களைக் காப்பகக் கடிதங்களோடு வைத்துப் பார்த்தால், இன்னஸின் படை எங்கே தடுக்கப்பட்டது, தூது எந்த வழியாகப் போனது என்பதை இந்த மலைக்காரர்களே எழுதிவிட முடியும். அந்த வேலையை எடுத்துச் செய்பவர் இந்த அரங்கில் இருந்தால், இதே அறக்கட்டளையின் இன்னொரு ஆண்டுச் சொற்பொழிவை அவர் நிகழ்த்த வேண்டும் என்று அறங்காவலர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.